கைத்துப்பாக்கிக்கு உறை வாங்குவது: இடுப்பு, வேட்டி, வெயில், சட்டம்

வேட்டி மடிப்பில் ரிவால்வரைச் செருகிக்கொண்டு நடப்பது திரைப்படத்தில் எடுப்பாகத் தெரியும். பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தில் ஒருவர் அப்படிச் செய்தால், சட்டைப்பையில் லைசென்ஸ் இருந்தாலும் அது விதிமீறல்தான். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்பவர் அதற்கென்றே செய்த உறையில் போட்டு, உறையை உடலோடு பிணைத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் முதுகுப்பை போன்ற ஒன்றில் வைத்திருக்க வேண்டும். எப்படி வைத்தாலும் துப்பாக்கி வெளியே தெரியாதபடி முழுவதும் மூடியிருக்க வேண்டும். அது எந்த நேரமும் அவர் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும்.

உறை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இந்த விதிக்குள்ளேயே இருக்கின்றன. இது இந்தத் துப்பாக்கிக்கென்று செய்ததா? உடலோடு நிற்குமா? சட்டைக்குள் மறையுமா? பிறர் கை எட்டாமல் காக்குமா? இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றை அணிபவர் தன் உடம்பையே கேட்டுக்கொள்ள வேண்டும்: காலை ஒன்பது மணிக்குக் கட்டியதை மாலை ஆறு மணிவரை சுமக்க முடியுமா? வலிக்கும் உறையை யாரும் பத்து நாளுக்கு மேல் கட்டுவதில்லை. பதினோராம் நாள் துப்பாக்கி கார் டேஷ்போர்டுக்குள்ளோ, கல்லாப்பெட்டிக்குள்ளோ போய்விடும். அங்கே அது யார் கைக்கும் எட்டும்.

மாவட்ட ஆட்சியரிடம் முறைப்படி உரிமம் பெற்றுத் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கானது இந்த அத்தியாயம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் நாள்பொழுது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலும் சுண்ணாம்புக்கல் புழுதியிலும் வேட்டியிலும் கழிகிறது. வெளிநாட்டு விளம்பரங்களில் வரும் உறைகள் இந்த மூன்றையும் நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

உறை இல்லாதபோது என்ன நடக்கும்?

2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பர்ரெஸ் நியூயார்க்கின் ஓர் இரவு விடுதிக்குப் போனார். இடுப்பில் உறை ஏதுமின்றி ஒரு பிஸ்டலைச் செருகியிருந்தார். அது கால்சட்டைக்குள் நழுவி இறங்கியது. பிடிக்கப் போனபோது வெடித்துத் தொடையைத் துளைத்தது. நியூயார்க்கில் செல்லுபடியாகும் உரிமமும் அவரிடம் இல்லை. அடுத்த ஆண்டு அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நம் நாட்டு உதாரணம் இன்னும் அண்மையில் நடந்தது. 2024 அக்டோபர் 1 அன்று விடியற்காலையில் மும்பையில் நடிகர் கோவிந்தா வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். உரிமம் பெற்ற தன் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது தவறி வெடித்து, தோட்டா காலில் பாய்ந்தது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள்.

முதல் விபத்தில் துப்பாக்கி நழுவ இடம் இருந்தது. இரண்டாவதில் தோட்டா நிறைந்த துப்பாக்கி உறை இல்லாமல் வெறும் கையில் இடம் மாறியது. ஆகவே நல்ல உறை இரண்டு வேலை செய்ய வேண்டும். விசையை மூடி, துப்பாக்கியை நழுவாமல் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும், துப்பாக்கி உள்ளே இருக்கும்போதே உறையோடு கழற்றி வைக்க வசதியாகவும் இருக்க வேண்டும்.

பழைய வடிவமைப்பு ரிவால்வர்கள் சிலவற்றில் சுத்தியல் தரையில் மோதினாலே தோட்டா வெடிக்கும். அத்தகையதை வைத்திருப்பவர்கள் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவது நெடுநாள் வழக்கம். எந்த உறையும் இந்த எச்சரிக்கைக்கு ஈடாகாது.

முதலில் துப்பாக்கி, பிறகு உறை

ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. உரிமதாரர் கையில் பெரும்பாலும் இருப்பது .32 ரிவால்வர் அல்லது .32 பிஸ்டல். கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் சுமார் 700 கிராம். 2014-இல் கான்பூரிலிருந்து வந்த ‘நிர்பீக்’ சுமார் 500 கிராம். 2023-இல் வந்த ‘பிரபல்’ தோட்டா இல்லாமல் 675 கிராம். அதன் குழல் நீளம் 76 மி.மீ. ‘பிரபல்’ செய்யும் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ்தான், பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் முதல் இயங்குகிறது.

இந்த எண்கள் உறை வாங்கும்போது தேவைப்படும். ரிவால்வரின் உருளை இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். பிஸ்டல் தட்டையாக இருக்கும். ஒன்றுக்குச் செய்த உறையில் இன்னொன்று பொருந்தாது. கடைகளில் ‘ஃப்ரீ சைஸ்’ என்று விற்கும் நைலான் உறை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும், எதையும் பிடிக்காது. அதில் .32 ரிவால்வர் ஆடும், திரும்பும், விசை இருக்கும் பக்கம் துணி மடங்கும். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்குவது வீண்.

நல்ல உறையில் விசையும் அதைச் சுற்றிய வளையமும் முழுவதும் மறைந்திருக்கும். வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பார்த்தால் விசை அசையக் கூடாது. கைப்பிடி மட்டும் முழுதாகக் கைக்குக் கிடைக்க வேண்டும். எடுத்த பிறகு வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும். சுருங்கினால், திரும்பப் போடும்போது இன்னொரு கையால் வாயை விரிக்க வேண்டியிருக்கும். அந்தக் கை நேராகக் குழலுக்கு முன்னால் வரும்.

பொத்தானை அழுத்தினால் விடுபடும் பூட்டு உறைகளும் சந்தையில் உண்டு. அவற்றில் ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தும் வகையை அமெரிக்காவின் பல பயிற்சிப் பள்ளிகள் ஏற்பதில்லை. அவசரத்தில் அழுத்திய விரல் அப்படியே விசைக்குள் நுழைந்து சிலர் காலைச் சுட்டுக்கொண்டதுதான் காரணம். கட்டைவிரலால் விடுவிக்கும் பட்டையும் பிரஸ் பட்டனும் பழைய முறையென்றாலும் நம்பகமானவை. பெரம்பலூர்–அரியலூர் பேருந்தில் நின்றபடி பயணம் செய்பவருக்குப் பட்டை இல்லாத திறந்த உறை ஆகாது.

தோலா, பிளாஸ்டிக்கா?

தோல் என்றால் தமிழ்நாட்டுக்காரர் வெளியே தேட வேண்டியதில்லை. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்தும் இந்தத் தென்னாட்டு முறையில் உருவாகும் ‘ஈ.ஐ. லெதர்’ புவிசார் குறியீடு பெற்றது. இப்படித் தாவரச் சாற்றில் பதப்படுத்திய மாட்டுத்தோலைத் தண்ணீரில் நனைத்து அச்சின்மேல் அழுத்தினால், காய்ந்த பிறகு அதே வடிவத்தில் இறுகி நிற்கும். உறைக்கு வேண்டியது இதுவே. கைப்பைக்கும் ஜாக்கெட்டுக்கும் பயன்படும் குரோம் தோல் மென்மையாக இருக்கும், வடிவம் நிற்காது. பதனிட்ட உப்புகள் மிஞ்சியிருந்தால் இரும்பைத் துருப்பிடிக்கவும் வைக்கும்.

உள்ளூர்த் தோல் தொழிலாளியிடம் சொல்லிச் செய்யலாம். சுமார் 3 மி.மீ. தடிமன், இரட்டைத் தையல், வாய்ப்பகுதியில் இன்னொரு அடுக்குத் தோல் என்று கேட்டு வாங்க வேண்டும். அளவுக்காகத் துப்பாக்கியைக் கடையில் விட்டுவிட்டு வரக் கூடாது. உரிமம் இல்லாதவர் கையில் ஆயுதத்தை ஒப்படைப்பது குற்றமாகிவிடும். துப்பாக்கியின் அளவில் ஒரு மர அச்சைத் தச்சரிடம் செதுக்கி வாங்கிக் கொடுத்தால் போதும்.

கைடெக்ஸ் என்பது விமானங்களின் உட்புறத் தகடுகளுக்காக 1960-களில் அமெரிக்காவில் வந்த கெட்டியான பிளாஸ்டிக். சூடாக்கி அச்சில் அழுத்தினால் துப்பாக்கி வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். வியர்வையை உறிஞ்சாது, வாய் சுருங்காது, கழுவித் துடைத்து உடனே கட்டலாம். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் இதெல்லாம் பெரிய வசதி. ஆனால் வெற்று உடம்பில் பட்டால் உறுத்தும், பனியன் அவசியம். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் விட்டால் வடிவம் மாறிப்போகலாம். .32 இந்திய ரிவால்வருக்கென்று அச்செடுத்த கைடெக்ஸ் உறை எளிதில் கிடைப்பதும் இல்லை. வெளிநாட்டு பிஸ்டலுக்குச் செய்ததை வாங்கி எப்படியாவது பொருத்திவிடலாம் என்று நினைப்பவர் கடைசியில் ஆடும் உறையோடு நிற்பார்.

அரியலூர்ப் பக்கம் புழுதி ஒரு தனிக் கணக்கு. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் நாள்தோறும் போகிறவரின் உறைக்குள் மாவு போன்ற தூசி இறங்கும். அடிப்புறம் மூடிய உறையில் அது தேங்கி, வியர்வையோடு சேர்ந்து கட்டியாகிக் குழலில் ஒட்டும். அடியில் சிறிய திறப்பு உள்ள உறையே இங்கு நல்லது. வாரம் ஒருமுறை உறையைத் தட்டி, காய்ந்த துணியால் உட்புறத்தைத் துடைக்க வேண்டும்.

பெல்ட்தான் அஸ்திவாரம்

உறைக்குப் பணம் செலவழித்துவிட்டு, திருமணத்தில் கிடைத்த மெல்லிய பெல்ட்டில் அதைத் தொங்கவிடுபவர்கள் உண்டு. 700 கிராம் இரும்பு ஒரு பக்கம் இழுக்க, கால்சட்டை சரிந்து துப்பாக்கி வெளிப்பக்கமாகச் சாயும். சட்டைக்கு மேல் கைப்பிடி துருத்தும். ஒன்றரை அங்குல அகலத்தில், இரண்டு தோல்களை ஒட்டித் தைத்த விறைப்பான பெல்ட் வேண்டும். உறையின் பெல்ட் துளையும் அதே அகலத்தில் இருக்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் எடுக்கும்போது உறையும் கூடவே மேலே வரும்.

வேட்டிக்கு வருவோம். பணமும் சாவியும் வைக்கும் பையோடு கூடிய அகலமான பச்சை பெல்ட்டை வேட்டிமேல் கட்டும் பழக்கம் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறது. அந்தப் பையில் துப்பாக்கியை வைப்பது ஆபத்து. விசைக்கு மறைப்பு கிடையாது. சாவி, நாணயம், பேனா எல்லாம் ஒரே இடத்தில் உரசும். பெல்ட்டின் அடியில் இருப்பது வழுக்கும் துணி. வேட்டியை மடித்துக் கட்டும்போதும் இறக்கிவிடும்போதும் இடுப்பில் எல்லாமே நகரும். வேட்டி கட்டும் நாளில் துப்பாக்கி தேவையென்றால், கால்சட்டை அணிவது ஒரு வழி. சட்டைக்குமேல் கோட்டு அணிபவராக இருந்தால் தோளில் மாட்டும் உறை இன்னொரு வழி. மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் தோள்பட்டை வார் அப்பட்டமாகத் தெரியும் என்பதால், பெரும்பாலோருக்கு முதல் வழியே மிஞ்சும்.

எந்த இடத்தில் கட்டுவது?

வலக்கைக்காரருக்கு வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னே, பெல்ட்டுக்கு வெளிப்புறம் உடலை ஒட்டிக் கட்டுவதே எளிது. கை இயல்பாக அங்கே போகும், நடக்கும்போது உறுத்தாது. இன் பண்ணாமல் தளர்வாக விட்ட அரைக்கைச் சட்டை அதை மறைத்துவிடும். சட்டையின் கீழ்விளிம்பு உறையைவிட நான்கு விரல் அளவாவது இறங்கியிருக்க வேண்டும்.

கால்சட்டைக்கு உட்புறம் கட்டும் உறை இன்னும் நன்றாக மறையும். ஆனால் அதற்கு இடுப்பளவு இரண்டு அங்குலம் கூடுதலான கால்சட்டை வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தோலும் உடம்பும் ஒட்டி நமைச்சல் எடுக்கும். உருளை புடைத்த ரிவால்வரைவிடத் தட்டையான பிஸ்டலுக்கே இது ஏற்றது.

முதுகுத்தண்டுக்கு நேரே கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளிலிருந்து மல்லாந்து விழுந்தால் முதுகெலும்பும் இரும்பும்தான் முதலில் தரையில் மோதும். முன்னால் குனிந்து ஓட்டும்போது சட்டை மேலேறி, பின்னால் வருபவருக்குத் துப்பாக்கி தெரியும். பின்சீட்டில் யாராவது உட்கார்ந்தால் அது நேராக அவர் கைக்கு எதிரே இருக்கும்.

நாள் முழுக்கக் காரில் இருப்பவருக்கு வேறு சிக்கல். சீட் பெல்ட் வலது இடுப்பில் கட்டிய உறையோடு மோதுமா என்று ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மோதினால், கைப்பிடி வலப்பக்கம் பார்க்க இடது இடுப்பின் முன்புறம் கட்டும் குறுக்கு உறை வசதியாக இருக்கும். நிற்கும்போது எதிரில் இருப்பவர் கைக்கும் அது எளிது என்பதால், பட்டை இல்லாமல் இதைக் கட்டக் கூடாது.

இந்தியக் கழிப்பறையைப் பற்றி எந்த உறை விளம்பரமும் பேசுவதில்லை. குந்தி உட்காரும்போது பெல்ட் தளர்ந்ததும் துப்பாக்கியின் எடை உறையைக் கவிழ்க்கும். அப்போது துப்பாக்கியை மட்டும் உருவித் தண்ணீர்த் தொட்டி விளிம்பிலோ ஜன்னலிலோ வைப்பவர், அதை அங்கேயே மறந்து எழுந்து வரக்கூடும். கிளிப் வைத்த உறையானால், துப்பாக்கி உள்ளே இருக்கும்போதே மொத்தமாகக் கழற்றிக் கழுத்தில் மாட்டிய பைக்குள் வைத்து ஜிப்பை மூடலாம். ஆயுதம் காணாமல் போனால் உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டியது உரிமதாரரின் கடமை.

பையில் வைப்பவர்களுக்கு

‘நிர்பீக்’ வந்தபோது அது பெண்களுக்கான துப்பாக்கி என்றே பேசப்பட்டது. சேலை கட்டுபவருக்குக் கைப்பையைத் தவிர வேறு இடம் அநேகமாக இல்லை. விதியும் பையை அனுமதிக்கிறது. ஆனால் பை கட்டுப்பாட்டில் இருப்பதே கடினமான பகுதி. 2014 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டது. துப்பாக்கி வெடித்துத் தாய் அங்கேயே இறந்தார். அது துப்பாக்கிக்கென்று தனி ஜிப் அறை கொண்ட பை.

தனி அறை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அறைக்குள்ளும் விசையை மூடும் விறைப்பான உறை இருக்க வேண்டும். அந்த அறையில் வேறு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. பை தோளில் குறுக்காக மாட்டியிருக்க வேண்டும். நாற்காலியில் தொங்கவிடுவது, பேருந்தில் இடம் பிடிக்க இருக்கையில் போடுவது, குழந்தைக்குப் பக்கத்தில் வைப்பது எல்லாம் விலக்க வேண்டியவை.

வீட்டுச் சோதனை

வாங்கிய உறையை நம்புவதற்கு முன் சில சோதனைகள் செய்ய வேண்டும். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

1. துப்பாக்கியை உறையில் போட்டு மெத்தைமேல் தலைகீழாகப் பிடித்து உலுக்குதல். பட்டையைத் திறந்துவிட்டாலும் விழக் கூடாது.

2. வெளியிலிருந்து விசைப் பகுதியைப் பல கோணங்களில் அழுத்துதல். விசை அசைந்தால் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

3. கட்டிக்கொண்டு குனிதல், குந்துதல், பந்தியில் உட்காருவதுபோல் சம்மணமிடுதல், பைக்கை உதைத்து ஏறுதல். துப்பாக்கி வெளியே தெரிகிறதா என்பதை வீட்டில் ஒருவர் பின்னாலிருந்து சொல்லட்டும்.

4. காலித் துப்பாக்கியோடு முழு நாள் வீட்டுக்குள் அணிந்திருத்தல். எலும்பில் படும் இடம் மாலையில் தெரிந்துவிடும். உறையை அரை அங்குலம் நகர்த்தினாலே வலி தீர்வது உண்டு.

இரவில் துப்பாக்கியைத் தோல் உறையிலேயே விடக் கூடாது. பகலெல்லாம் குடித்த வியர்வை தோலிலிருந்து இரும்புக்கு ஏறும். இரண்டையும் துடைத்து, துப்பாக்கியைப் பூட்டும் பெட்டகத்தில் வைத்து, உறையை நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் காயப்போட்டால் தோல் வெடிக்கும். எண்ணெய் தடவினால் தொளதொளத்துப் பிடிப்பு போய்விடும். வாய் விளிம்பு மடங்கத் தொடங்கிய தோல் உறையைப் பழுது பார்க்காமல் தூக்கிப் போடுவதே சரி. மடிந்த விளிம்பு விசை வளையத்துக்குள் நுழைந்தால், திரும்பப் போடும் அழுத்தத்திலேயே தோட்டா வெடித்துவிடும்.

உறையோடு வெளியே போகக் கூடாத நாட்கள்

கல்யாணம், திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம் போன்ற இடங்களுக்குத் துப்பாக்கி கொண்டுபோவதை விதிகள் தடுக்கின்றன. கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில் தேரோட்டத்துக்குப் போகிறவரும், திங்கள், வெள்ளியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நெரிசலுக்குள் நுழைகிறவரும் அதைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுக் கிளம்புவதே முறை. பள்ளி, கல்லூரி வளாகங்களும் அப்படியே. கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி சுட்டால் 2019 சட்டத் திருத்தப்படி இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த இரண்டு மாவட்டங்களில் .32 ரிவால்வர் வைத்திருக்கும், கால்சட்டை அணியும் உரிமதாரர் ஒரே ஒரு உறைதான் வாங்கப்போகிறார் என்றால் தேர்வு கடினமில்லை. தாவரச் சாற்றில் பதப்படுத்திய மாட்டுத்தோல், அதே ரிவால்வர் அளவில் அச்செடுத்தது, கட்டைவிரல் பட்டை உள்ளது, அடியில் திறப்புள்ளது, வலது இடுப்பில் வெளிப்புறம் கட்டுவது. கூடவே ஒன்றரை அங்குல இரட்டைத்தோல் பெல்ட். பிஸ்டல்காரர் தன் துப்பாக்கிக்கே அச்செடுத்த கைடெக்ஸ் கிடைத்தால் அதை எடுக்கலாம்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உறை வீட்டிலேயே இருக்கும். அந்த வாரங்களில் அதை எடுத்துத் தையலையும் பட்டனையும் வாய் விளிம்பையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும், துப்பாக்கியைத் திரும்ப வாங்குவதற்கு முன் புதிய உறையை வாங்கிவிடுங்கள்.